கேட்டால் சொல்கிறேன்: கடலை அணைத்தவர்கள்

இந்தப் பகுதிக்குக் கேள்வி அனுப்புகிறவர்களின் பெயரை நான் போடுவதில்லை, ஊர் மட்டும்தான். முன்பு ஒரு பிள்ளையின் பெயரைப் போட்டு, தெருவில் போகிறவர் வருகிறவரெல்லாம் "என்ன பாப்பா, இன்னும் இங்கிலீஷ் வரலையா?" என்று கேட்டு அவளை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். பஸ்ஸில் என்னைப் பார்த்து அழாக்குறையாகச் சொன்னாள். அதிலிருந்து ஊர்ப்பெயரோடு சரி.

போன இதழில் 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது என்று நாலு வரி எழுதினேன். அதற்கு ஓர் அக்காள் இருப்பது எனக்கு நினைவில்லாமல் போயிற்று. 'புட் அவுட்'. இந்த மாதத் தபாலில் பாதி அவளைப் பற்றித்தான்.

பாம்பன் வாசகர்: டீச்சரம்மா, எனக்கு நாட்டுப்படகுத் தொழில். மகள் பத்தாவது படிக்கிறாள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததைப் பற்றி ஓர் ஆங்கிலச் செய்தியைக் கொடுத்துப் பரீட்சையில் தமிழில் எழுதச் சொன்னார்களாம். அதில் ஒரு வரி, 'ஆஃப்டர் 61 டேஸ், த ஃபிஷர்மென் புட் அவுட் டு சீ'. இவள் '61 நாட்களுக்குப் பிறகு மீனவர்கள் கடலை அணைத்தார்கள்' என்று எழுதி, சிவப்பு மையில் பூஜ்யம் வாங்கி வந்திருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். புட் அவுட் என்றால் அணைப்பது என்றுதான் அவள் புத்தகத்தின் கடைசியில் போட்டிருக்கிறது, நானே பார்த்தேன். விளக்கை அணைப்பதற்கும் கடலுக்குப் போவதற்கும் என்னம்மா சம்பந்தம்?

முதலில் மகளிடம் இதைச் சொல்லுங்கள்: அவள் எழுதியது தப்புதான், ஆனால் அந்தத் தாள் என் கைக்கு வந்திருந்தால் பூஜ்யம் போட எனக்கு மனசு வந்திருக்காது. 61 நாள் கரையில் கிடந்தவர்கள் கடலைக் கட்டி அணைத்தார்கள் என்று படித்துப் பாருங்கள், எவ்வளவு நன்றாக இருக்கிறது! கவிதைப் போட்டியில் பரிசு வாங்கியிருப்பாள். மொழிபெயர்ப்புக் கேள்வியில் மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

(ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை விசைப்படகுக்குத்தான். அந்த நாட்களிலும் நீங்கள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். செய்தி எழுதியவர் மொத்த மீனவரையும் 61 நாள் கரையில் உட்கார வைத்துவிட்டார். அதற்கு யார் சிவப்பு மை போடுவது?)

சரி, சம்பந்தத்துக்கு வருகிறேன். புட் என்றால் 'போடு, வை' என்று ஒன்றாம் வகுப்பிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. சிக்கலே அங்கேதான். அந்தச் சொல்லின் பழைய பொருளில் 'தள்ளு, உந்து' என்பது உண்டு. அந்தப் பழைய பொருள் செத்துவிடவில்லை, நம் பள்ளிக்கூடத்து மைதானத்திலேயே இருக்கிறது. குண்டு எறிதலுக்கு ஆங்கிலத்தில் ஷாட் புட். நாம் எறிதல் என்கிறோமே தவிர, விதிப்படி அந்தக் குண்டை எறியக் கூடாது. கழுத்தோடு அணைத்து வைத்து, தோளிலிருந்து உந்தித் தள்ள வேண்டும். அந்தத் தள்ளுதான் புட்.

இப்போது உங்கள் வத்தையைக் கரையிலிருந்து இறக்குகிற நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவுக்கும் வத்தைத் தொழில்தான். சின்ன வயதில் நானும் விடியற்காலையில் போய்க் கை வைப்பேன். என் கை வைத்து அது ஒரு விரல்கடையும் நகர்ந்திருக்காது, ஆனால் கை வைக்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது. நாலு பேர் பின்னால் அமரத்தில் தோள் கொடுத்து மணலில் நகர்த்துவார்கள். முன்பக்கத்து அணியம் தண்ணீரைத் தொட்டு, அலை தூக்கிக் கொடுக்கிற நேரம் பார்த்துக் கடைசியாக ஒரு தள்ளு. வத்தை கரையை விட்டு வெளியே போய்விடும். அந்தக் கடைசித் தள்ளுதான் புட் அவுட். ஆங்கிலம் அப்படியேதான் பிறந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லித்தான் நினைவில் வைக்கச் செய்தேன். விளக்கும் அதே கதைதான்: திரியில் இருக்கிற சுடரை வெளியே தள்ளிவிடுகிறோம், இருட்டாகிவிடுகிறது.

பரீட்சையில் இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. "எதை?" என்று கேட்கச் சொல்லுங்கள். 'ஷி புட் அவுட் த லேம்ப்' என்ற வாக்கியத்தில் எதை என்றால் விளக்கை என்று பதில் வருகிறது. அங்கே அணைத்தாள். 'தே புட் அவுட் டு சீ' என்ற வாக்கியத்தில் எதை என்று கேட்டால் பதில் இல்லை, எங்கே என்பதற்குத்தான் பதில் இருக்கிறது. அங்கே கடலுக்குப் போனார்கள். அந்த 'டு' என்கிற குட்டிச் சொல்லை உங்கள் மகள் கவனித்திருந்தால் மதிப்பெண் போயிருக்காது.

இந்தப் பொருளில் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. 'செட் செயில்' என்றால் பாய் விரித்துக் கிளம்புவது. இப்போது டீசல் இன்ஜின் ஓடுகிற கப்பலுக்கும் அதையே சொல்கிறார்கள். 'காஸ்ட் ஆஃப்' என்றால் கட்டுக்கயிற்றை அவிழ்த்து விடுவது. துறையிலிருந்து கிளம்புகிற விசைப்படகுக்கு அது பொருந்தும், மணலிலிருந்து தள்ளுகிற வத்தைக்குப் பொருந்தாது. திரும்பி வந்து துறைக்குள் நுழைவது 'புட் இன்'. பாம்பனில் வடகடலில் புட் அவுட் ஆகிற படகு, காற்று மாறினால் வேறு துறையில் புட் இன் ஆகலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'புஷ் த போட் அவுட்' என்று இங்கிலாந்துக்காரர் சொன்னால் படகைத் தள்ளக் கிளம்பிவிடாதீர்கள். காசைத் தண்ணீராய்ச் செலவழித்து விருந்து வைப்பதற்கு அப்படிச் சொல்வார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு வேறொன்று தோன்றி ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் விளக்கை அணைக்கிற சொல்லே கரையை விட்டுக் கிளம்புகிற சொல்லாகவும் இருக்கிறது. தமிழில் விளக்கை அணைக்கிற சொல், கரைக்கு வந்து சேர்கிற சொல்! படகு கரையணைந்தது என்கிறோம். "படகைக் கரையோரம் அணைச்சுக் கட்டு" என்கிறோம். ஒரே விளக்கு அணைகிறபோது அவர்கள் ஊரில் படகு வெளியே போகிறது, நம் ஊரில் படகு வீட்டுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இது என் கண்ணில் படவில்லை. உங்கள் மகளின் தப்பான விடைதான் காட்டிக் கொடுத்தது.

விளக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். தமிழில் விளக்கு அணைந்தது, விளக்கை அணைத்தாள். தானாக நடந்ததா, ஒருவர் செய்தாரா என்பதை ஓர் எழுத்தில் காட்டிவிடுகிறோம். ந்த, த்த. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை, வினையையே மாற்ற வேண்டும். தானாக அணைந்தால் 'வென்ட் அவுட்', ஒருவர் அணைத்தால் 'புட் அவுட்'. 'த லேம்ப் புட் அவுட்' என்று எழுதுகிற பிள்ளைகள் வகுப்புக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். விளக்கு எதையோ அணைத்துவிட்டது என்று பொருளாகிவிடும்.

1964 டிசம்பர் 22, தனுஷ்கோடியைப் புயல் அழித்த ராத்திரி, எனக்கு ஏழு வயது. எங்கள் வீட்டில் ஒரு சிம்னி விளக்கு, ஓர் அரிக்கேன். சிம்னியைக் காற்று அணைத்தது. இங்கே காற்று செய்தது, அதனால் 'த விண்ட் புட் இட் அவுட்'. அரிக்கேனை அப்பத்தா முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டே இருந்தாள், விடிவதற்கு முன்னால் மண்ணெண்ணெய் தீர்ந்து அதுவும் அணைந்தது. 'இட் வென்ட் அவுட்'. அந்த ராத்திரி பாம்பனைத் தாண்டிப் போன ரயில் தனுஷ்கோடியைச் சேரவே இல்லை என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. இலக்கணத்துக்கு உதாரணம் தேடினால் எனக்கு எப்போதும் அந்த இரண்டு விளக்குகள்தான் முன்னால் வந்து நிற்கின்றன, என்ன செய்ய.

அப்பத்தா வீட்டில் 'அணை' என்ற சொல்லே கூடாது. ஆம்பளைகள் கடலில் இருக்கிறபோது அறவே கூடாது. "விளக்கைக் குளிர வை" என்பாள். தானாக அணைந்துவிட்டால் "மலையேறிருச்சு" என்பாள். ஆங்கிலத்தில் அணைப்பதற்கு அரை டஜன் சொல் உண்டு, ஆனால் அமங்கலத்துக்குப் பயந்து உண்டானவை அல்ல, எதை எப்படி அணைக்கிறோம் என்பதைப் பொறுத்தவை. தண்ணீரை ஊற்றி அணைத்தால் 'டவுஸ்'. வாயால் ஊதினால் 'ப்ளோ அவுட்'. மெழுகுவத்தித் திரியை நசுக்கினால் 'ஸ்னஃப் அவுட்'. சிகரெட்டை அழுத்தித் தேய்த்தால் 'ஸ்டப் அவுட்'. அரசாங்க அறிக்கையிலும் சுவரில் மாட்டியிருக்கிற சிவப்பு உருளையிலும் 'எக்ஸ்டிங்விஷ்'. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக வருகிற வீட்டுச் சொல்தான் புட் அவுட்.

மண்டபம் வாசகி: 'புட் ஆஃப் த லைட்' என்று சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். தப்பா?

நம் நாட்டில் கோடிப் பேர் சொல்கிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது. தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. பரீட்சைத்தாளில் மட்டும் 'டர்ன் ஆஃப்' அல்லது 'ஸ்விட்ச் ஆஃப்' என்று எழுதிவிடுங்கள். நீங்கள் பரீட்சை எழுதப் போவதில்லை என்றால் மருமகள் சிரிக்கட்டும்.

கீழக்கரை வாசகர்: டீச்சர், நான் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். போன வருடம் எங்கள் மேனேஜர், அவர் இங்கிலாந்துக்காரர், ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்கு வரச் சொல்லி மெசேஜ் அனுப்பினார். கடைசியில் 'ஐ ஹோப் திஸ் வோன்ட் புட் யூ அவுட்' என்று இருந்தது. வராவிட்டால் வெளியே போட்டுவிடுவேன் என்கிறார் என்று நினைத்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை. வீட்டுக்கும் போன் பண்ணி, வேலை போனாலும் போகும் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் பார்த்தால் அவர் ரொம்பத் தன்மையாகப் பேசுகிறார். அதற்கு என்னதான் அர்த்தம்?

தம்பி, அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்காத குறையாகப் பேசியிருக்கிறார். "இதனால் உங்களுக்குச் சிரமம் இருக்காது என்று நம்புகிறேன்" என்பதுதான் அது. நீங்கள் பாவம் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஓர் ஆளைப் புட் அவுட் செய்வது என்றால் அவருக்குத் தொந்தரவு கொடுப்பது. 'இன்கன்வீனியன்ஸ்', 'ட்ரபிள்', 'பாதர்' எல்லாம் இதற்கு ஒத்த சொற்கள். முதல் சொல் அலுவலகக் கடிதத்துக்கு, மற்ற இரண்டும் பேச்சுக்கு. தன்னைத் தானே புட் அவுட் செய்துகொள்வது என்றும் ஒன்று உண்டு. 'டோன்ட் புட் யுவர்செல்ஃப் அவுட் ஃபார் மீ' என்றால் என்ன என்று அகராதியில் பார்த்தால் நீட்டி முழக்கியிருப்பார்கள். நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது, மெனக்கெடுவது. "எனக்காக மெனக்கெடாதீங்க." உங்கள் ஊரில் விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் உள்ளே அடுப்பு பற்ற வைக்கிற சத்தம் கேட்டால் அவர் சொல்வாரே, அதுதான்.

வேலையை விட்டு அனுப்புவதற்கு வேறு சொற்கள். 'ஃபயர்', 'சாக்' என்றால் ஆளின் மேல் குற்றம் சொல்லி அனுப்புவது. 'லே ஆஃப்' என்றால் கம்பெனியில் வேலை இல்லை என்று அனுப்புவது. அறையிலிருந்தோ வீட்டிலிருந்தோ வெளியே தள்ளுவது 'த்ரோ அவுட்'. இந்த நாலில் ஒன்று மெசேஜில் வந்தால் மட்டும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளுங்கள்.

கையோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், அந்த மேனேஜரிடமிருந்து அதுவும் ஒரு நாள் வரலாம். 'ஐ வாஸ் ரேதர் புட் அவுட்' என்று அவர் சொன்னால், அது சிரமம் இல்லை, மனத்தாங்கல். கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் பையனிடம் கொடுத்தனுப்பினால், பெரிய மாமா சண்டை போட மாட்டார், ஆனால் கல்யாணத்தன்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அந்த மாமாதான் புட் அவுட். 'மிஃப்ட்' என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைச்சல், சின்னப்பிள்ளைக் கோபம். 'அனாய்ட்' என்றால் எரிச்சல். 'அஃபெண்டெட்' என்றால் மனசு புண்பட்டே விட்டது, போய்ச் சமாதானம் பண்ண வேண்டும். 'ஆங்ரி' என்று எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு வேக வைக்காதீர்கள்.

ராமேஸ்வரம் வாசகர்: ஆட்டோ ஓட்டுகிறேன். தனுஷ்கோடி சவாரியில் ஒரு வெளிநாட்டுக்காரர் சிகரெட் பற்ற வைத்தார். வெளியே போடுங்கள் என்ற அர்த்தத்தில் 'சார், புட் அவுட் இட்' என்றேன். அவர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கி, செருப்பில் தேய்த்து அணைத்து, மிச்சத்தைத் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் சொன்னது சரியா?

நீங்கள் நினைத்தது ஒன்று, சொன்னது ஒன்று, அவர் செய்தது இரண்டையும்விட நல்லது. சொற்களின் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 'புட் இட் அவுட்'. பெயர்ச்சொல்லாக இருந்தால் எங்கே வைத்தாலும் சரி: 'புட் அவுட் த சிகரெட்', 'புட் த சிகரெட் அவுட்', இரண்டும் வரும். 'இட்', 'தெம்' போன்ற குட்டிகள் வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும். ஆட்டோவில் பிள்ளையை நடுவில் உட்கார வைப்பீர்களே, அப்படி.

தொண்டி வாசகி: நர்சிங் படிக்கிறேன். 'ஹி புட் அவுட் ஹிஸ் ஷோல்டர்' என்பதற்குத் தோளை நீட்டினார் என்று எழுதினேன். தப்பு என்றார்கள்.

கையை நீட்டலாம், நாக்கை நீட்டலாம். அதற்குப் புட் அவுட் சரி. தோளை எப்படியம்மா நீட்டுவது? தோள் மூட்டு நழுவிவிட்டது என்று பொருள். வலை இழுக்கிறவர்கள் உங்களிடம் வந்து "தோள்பட்டை இறங்கிருச்சு" என்பார்களே, அதுதான். முதுகை அல்லது இடுப்பைச் சொன்னால் பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி சொல்வதைப் புரிந்துகொள்ள இது போதும், கேஸ் ஷீட்டில் நீங்கள் எழுதும்போது 'டிஸ்லொகேட்' என்றே எழுதுங்கள்.

மயக்க மருந்து கொடுத்து நினைவு தப்ப வைப்பதற்கும் பேச்சு வழக்கில் புட் அவுட் உண்டு, 'புட் அண்டர்' என்பது இன்னும் அதிகம். இதையே மறந்துபோய் 'புட் டவுன்' என்று சொல்லித் தொலைக்காதீர்கள். அது நோயில் கிடக்கிற நாயை, குதிரையை ஊசி போட்டு முடித்து வைப்பது.

ஏர்வாடி வாசகர்: ஒரு வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு பொருளே மாறிவிடுகிற இந்தக் கூத்து ஆங்கிலத்துக்கு மட்டும்தானா? தமிழ் எவ்வளவோ தேவலை, இல்லையா?

அப்படிப் பெருமைப்பட்டுக்கொள்ள வழியில்லை ஐயா. விட்டுக்கொடு என்பதில் எதை விடுகிறோம், எதைக் கொடுக்கிறோம்? போட்டுக்கொடு என்றால் கோள் சொல்வது, அதில் போடுவதும் இல்லை கொடுப்பதும் இல்லை. கண்டுகொள் என்பதற்குக் கவனி என்று பொருள், அரசாங்க அலுவலக வாசலில் அதற்கே வேறு பொருள். நம் மொழியைக் கற்றுக்கொள்ள வருகிற வெளிநாட்டுக்காரர் 'பார்த்துக்கொள்', 'பார்த்துவிடு', 'பார்த்துவை' மூன்றுக்கும் நடுவில் அழுதுகொண்டு நிற்கிறார். நமக்குத் தாய்ப்பாலோடு வந்ததால் தெரிவதில்லை.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், புட் அவுட் என்பதைத் தமிழில் சொல்ல 'அணை' என்ற சொல்லுக்கு அடுத்தபடி கைகொடுக்கிற சொல் 'போடு' இல்லை, 'விடு'. புட் அவுட் வருகிற செய்திகளை வரிசையாகப் பாருங்கள். வானிலை மையம் எச்சரிக்கை புட் அவுட் செய்தது என்றால் எச்சரிக்கை விட்டது. அமைச்சர் அறிக்கை விட்டார். சாலைப் பணியை டெண்டர் விட்டார்கள், அதற்குப் 'புட் அவுட் டு டெண்டர்'. மழைக்குப் பிறகு முருங்கை துளிர் விட்டது, அதற்குப் 'புட் அவுட் நியூ லீவ்ஸ்'. எல்லாமே உள்ளே இருந்ததை வெளியே விடுவது. ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒத்த சொல் தேட வேண்டும். எச்சரிக்கைக்கு 'இஷ்யூ', புத்தகத்துக்கு 'பப்ளிஷ்', பாட்டுத் தொகுப்புக்கு 'ரிலீஸ்', வானொலிச் செய்திக்கு 'பிராட்காஸ்ட்', செடிக்கு 'ஸ்ப்ரவுட்'.

ஆனால் நம் கரையில் எச்சரிக்கையை யாரும் விடுவதில்லை, ஏற்றுகிறார்கள். "பாம்பன்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சு" என்றால் போதும், அதற்கு மேல் செய்தி வேண்டாம்.

காயப்போடுவதற்கும் புட் அவுட்தான். கருவாட்டையோ பாசியையோ வெயிலில் பரப்புவது 'புட் அவுட் டு ட்ரை'. இங்கே உண்மையாகவே வெளியே போடுகிறோம். ஒன்றாவது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறதே என்று எனக்கு ஒரு நிம்மதி.

தேவிபட்டினம் வாசகி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பயிற்சிப் புத்தகத்தில் புட் என்ற வினைக்கு மட்டும் இரண்டு பக்கம் பட்டியல். எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ண வேண்டுமா?

பண்ணினாலும் நிற்காது. பட்டியலை மூடி வைத்துவிட்டு, ஒரு வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் செய்தித்தாளில் அது கண்ணில் படும்போதெல்லாம் முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் தமிழில் நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதுங்கள். "அறிக்கை விட்டார்", "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார்", "கடலுக்குப் போனாங்க". மூன்று வாரம் கழித்துப் பட்டியலைத் திறந்தால் பாதி உங்களுக்குத் தெரிந்த ஆட்களாக இருப்பார்கள். அழுத்தமும் முக்கியம். சத்தம் போட்டுப் படிக்கும்போது 'அவுட்' என்பதில்தான் குரல் ஏற வேண்டும், புட் என்பது சும்மா கூட வருகிற ஆள்.

ஓர் எச்சரிக்கை. அமெரிக்கர்களின் கொச்சைப் பேச்சில் இதற்கு இன்னொரு பொருள் உண்டு, இந்தப் பத்திரிகையில் அதை அச்சடிக்க மாட்டார்கள். ஒரு பெண்ணைப் பற்றி எழுதும்போது 'ஷி புட் அவுட்' என்று அந்தரத்தில் நிறுத்தாதீர்கள். விளக்கை என்றோ, கையை என்றோ, கடலுக்கு என்றோ ஏதாவது ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

தங்கச்சிமடம் வாசகர்: நான் உங்கள் பழைய மாணவன், பெயர் சொன்னால் திட்டுவீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரை ஆங்கிலத்தில் 'புட் அவுட் டு பாஸ்ச்சர்' என்று சொல்லலாமாம். உங்களைச் சொல்லலாமா டீச்சர்?

கையெழுத்தைப் பார்த்ததுமே ஆள் தெரிந்துவிட்டது. சொல்லலாம், ஆனால் என் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. வேலை வாங்கி முடித்த குதிரையை இனி உன் பாடு என்று மேய்ச்சலுக்கு விடுவதுதான் அது. இங்கேயும் 'விடு'தான், கவனித்தாயா? மரியாதையாகச் சொல்ல 'ரிட்டையர்ட்' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது.

மேய்ச்சல் ஒன்றும் மோசமில்லை. பகலில் உங்கள் கடிதங்கள், சாயங்காலம் சோழகக் காற்று. ஒன்பது மணி ஆகிவிட்டது, பேத்தி லைட்டை ஆஃப் பண்ணவா என்று வாசலில் நின்று கேட்கிறாள். குளிர வைக்கச் சொல்லியிருக்கிறேன். "பல்பு ஏற்கெனவே குளிர்ச்சியாத்தான் இருக்கு ஆச்சி, எல்இடி" என்கிறாள்.